எமரால்டு கட் வைர மோதிரம் வாங்குபவர்களே, தாளில் இருக்கும் அந்த "எக்ஸலென்ட்" எதற்கு என்று கேளுங்கள்

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு எமரால்டு கட் வைரம் தேடுகிறவர்கள், அதிலும் கையில் இருப்பதை எண்ணி எண்ணிச் செலவு செய்ய வேண்டியவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். பதினான்கு மாதம் சேர்த்த பணத்தில் நான் வாங்கிய கல், என்னிடம் சொல்லப்பட்ட கல் இல்லை. அதற்குப் பதிலாகக் கொடுத்த இரண்டாவது கல் அதைவிட மோசம்.

எமரால்டு கட் என்றதும் மரகதம் என்று நினைத்துவிட வேண்டாம். மரகதம் எளிதில் உடையும் கல், அதைப் பக்குவமாக வெட்ட வந்த முறை இது. அதையே வைரத்துக்கும் செய்கிறார்கள். நீள்சதுரக் கல், நான்கு மூலையும் நறுக்கியிருக்கும். பட்டைகள் குளத்துப் படிக்கட்டு மாதிரி வரிசையாக உள்ளே இறங்கும். இந்த வகைக்குப் பொதுவாக ஸ்டெப் கட் என்று பெயர். வட்ட வைரம் பொடிப்பொடியாக மின்னிக்கொண்டே இருக்கும். இதில் விரலை அசைத்தால் ஒரு படி முழுவதும் வெளிச்சமாகும், அடுத்த படி இருளும். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு அந்த அமைதிதான் பிடித்தது. எனக்கும்தான்.

ஆனால் அந்த அழகிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. கல்லின் மேல்பட்டை பெரிய ஜன்னல் போலத் திறந்திருக்கும். வட்ட வைரத்தின் மினுமினுப்பில் மறைந்துபோகிற புள்ளி, இதில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோலத் தெரியும். கல்லில் மஞ்சள் சாயல் இருந்தால் அதுவும் தெரியும். இது எனக்குப் பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

விற்றவர் தன்மையாகத்தான் பேசினார். என் பட்ஜெட்டைக் கேட்டார், சொன்னேன். ஒரே ஒரு கல்லை எடுத்து வைத்தார். எடை 1.01 கேரட், நிறம் ஜி (எழுத்து தள்ளிப்போகப் போக மஞ்சள் சாயல் கூடும்), தெளிவு விஎஸ்2 (உள்ளே எவ்வளவு குறை என்பதற்கான தரம்), எக்ஸலென்ட். "இந்தத் தொகைக்கு ஒரு கேரட்டுக்கு மேல் கிடைப்பது அபூர்வம் சார், இன்றே முடித்துவிடுங்கள்" என்றார். தலைக்கு மேலே சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் கல் பிரமாதமாக இருந்தது. கூடவே ஒரு தரச்சான்றிதழ் கொடுத்தார். மேலே தங்க நிற முத்திரை, கீழே கையெழுத்து. அது அந்தக் கடையே அச்சடித்துக்கொண்ட தாள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வெள்ளைத் தங்கத்தில் பதித்து வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நடுவுல ஏதோ தூசி ஒட்டியிருக்கு, துடைச்சுக் கொடுங்க" என்றாள். துடைத்தேன். போகவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தேன். அப்போதும் போகவில்லை. எள்ளில் கால்வாசி இருக்கும் ஒரு கறுப்புப் புள்ளி, சரியாக நட்ட நடுவில். அதைவிடக் கொடுமை, படிக்கட்டு வெட்டு அல்லவா, அந்த ஒரு புள்ளி எதிரெதிர்ப் பட்டைகளில் பிரதிபலித்து மூன்றாகத் தெரிந்தது. ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் அங்கேயேதான் போகும். அவள் ஒன்றும் சொல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நிமிடத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

கல் பதிக்கும் வேலையில் நாற்பது வருடம் இருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பைக் கண்ணில் வைத்து ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். "விஎஸ்2ன்னு யார் சொன்னது தம்பி? அந்தத் தரத்துல குறையை லூப் வச்சுத்தான் தேடணும். இது சும்மா பார்த்தாலே தெரியுதே" என்றார். கல்லைக் கழற்றி அளந்தார். நீளம் 6.5 மில்லிமீட்டர், அகலம் 4.7, ஆழம் 3.67. அதாவது அகலத்தில் 78 விழுக்காடு ஆழம். எடையெல்லாம் கல்லின் அடிவயிற்றில் கிடக்கிறது என்றார். ஒழுங்காக வெட்டிய ஒரு கேரட் எமரால்டு கட் ஏறக்குறைய 7க்கு 5 மில்லிமீட்டர் முகம், அதாவது மேலிருந்து தெரியும் பரப்பு, காட்ட வேண்டுமாம். என்னுடையது எடையில் ஒரு கேரட், முகத்தில் முக்கால் கேரட்டுக்குச் சற்று மேல். ஆனால் நான் விலை கொடுத்தது எடைக்கு.

அப்படியானால் "எக்ஸலென்ட்" என்று போட்டிருக்கிறதே என்று கேட்டேன். தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பாலிஷ், சிமெட்ரி என்ற இரண்டு வரிகளுக்கு எதிரேதான் அந்தச் சொல் இருந்தது. பட்டைகள் வழவழப்பாக இருக்கின்றன, இடமும் வலமும் ஒத்திருக்கின்றன, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கல்லை நல்ல ஆழத்தில் வெட்டியிருக்கிறார்களா, வெளிச்சம் கண்ணுக்குத் திரும்பி வருகிறதா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வைரங்களுக்குத் தரம் போடும் அமெரிக்க ஆய்வகமான ஜிஐஏ கூட வெட்டுத் தரம் என்ற மதிப்பீட்டை 2006இல் வட்ட வைரங்களுக்குத்தான் கொண்டுவந்தது. அதன்பிறகு நான் தேடித் தேடிப் பார்த்த எமரால்டு கட் ஜிஐஏ அறிக்கைகள் ஒன்றிலும் அந்த வரியே இல்லை. விற்றவர் என்னிடம் "கட் எக்ஸலென்ட் சார்" என்று வாயால் சொன்னார். தாளில் எழுதியிருந்தது வேறு. இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன், நீங்கள் ஏமாறக்கூடாது.

சந்தேகம் தீரக் கல்லை ஒரு சுதந்திரமான ஆய்வகத்துக்கு அனுப்பினேன். எஸ்ஐ2, நிறம் ஜே என்று வந்தது. தெளிவில் இரண்டு படி, நிறத்தில் மூன்று படி கீழே. ஜே கெட்ட நிறம் என்று சொல்லவில்லை. மஞ்சள் தங்கத்தில் பதித்தால் அந்தச் சாயல் உறுத்தாமல் கலந்துவிடும், குறைந்த பட்ஜெட்டுக்கு நல்ல வழியும்கூட. ஜே என்று சொல்லி ஜே விலைக்குக் கொடுத்திருந்தால் எனக்கு என்ன வருத்தம்?

அறிக்கையோடு கடைக்குப் போனேன். பதித்த கல்லுக்குப் பணம் திரும்பாது என்றார்கள். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அது இருந்தது உண்மைதான். நான் குரலை உயர்த்தவில்லை, எழுந்து போகவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து, "உங்களுக்காக" என்று வேறொரு கல் கொண்டுவந்தார்கள். 1.20 கேரட், கறுப்புப் புள்ளி எதுவும் இல்லை, கூடுதல் பணமும் வேண்டாம். கேட்டவுடன் மனசு இளகியது. நல்லவேளை, ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு அதைப் பெரியவரிடம் காட்டினேன்.

அவர் லூப்புக்குக் கீழே கல்லை மெல்லச் சாய்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு விரிசல் ஓடிய இடத்தில், சாய்க்கும்போது ஆரஞ்சும் ஊதாவுமாக ஒரு நிறம் பளிச்சென்று வந்து மறைந்தது. திரும்பச் சாய்த்தால் அதே இடத்தில் நீலம். விரிசலுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு பொருளை நிரப்பி மறைத்திருக்கிறார்கள் என்றார். பின்னாளில் மோதிரத்தைச் சரிசெய்ய யாராவது தீ காட்டினால் அந்த நிரப்பல் கெட்டு விரிசல் வெளியே வந்துவிடும். இப்படி விரிசல் நிரப்பிய வைரத்துக்கு ஜிஐஏ தரம் போட்டே தராது. "கிளாரிட்டி என்ஹான்ஸ்டு", அதாவது தெளிவாகத் தெரிய வேலை செய்த கல், என்று சொல்லி, அதற்குரிய குறைந்த விலைக்கு விற்றால் அது வேறு விஷயம். என்னிடம் மூச்சுகூட விடவில்லை.

அந்தக் கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். கடை கொடுத்த தாளையும் ஆய்வக அறிக்கையையும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்த பிறகு, கட்டிய பணத்தில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு வந்தது. மீதி போனதுதான்.

அடுத்த முறை செய்ததைச் சொல்கிறேன். கேரட்டை மறந்துவிட்டு மில்லிமீட்டர் கேட்டேன். ஆழம் 70 விழுக்காட்டைத் தாண்டிய கல்லை எடுத்துக்காட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் நானே போட்டுப் பார்த்தேன், கல்லின் இடுப்பில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் பொறித்த எண்ணோடு ஒத்துப்பார்த்தேன். குறை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இதைக் கேட்க யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரே விஎஸ்2 தரத்தில் ஒரு கல்லுக்கு நடுவில் புள்ளி இருக்கும், இன்னொன்றுக்கு மூலையில் இருக்கும். மூலையில் இருந்தால் கல்லைப் பிடிக்கும் கொக்கி அதை மூடிவிடும், பணமும் மிச்சம். முக்கியமாக, விளக்கை எல்லாம் விட்டுவிட்டு ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு கடைகளில் மறுத்தார்கள். அங்கே உட்காரவே இல்லை, வந்துவிட்டேன்.

மூன்றாவது கடையில் ஒரு பெண் தானாகவே எழுந்து திரைச்சீலையை விலக்கினார். 0.80 கேரட், 6.4க்கு 4.6 மில்லிமீட்டர், விஎஸ்1, நிறம் ஐ, மஞ்சள் தங்கம். பழைய கல்லை விட ஐந்தில் ஒரு பங்கு எடை குறைவு, முகம் கிட்டத்தட்ட அதே அளவு. அவள் அதை விரலில் போட்டு வெயிலில் நீட்டிப் பார்த்தாள். இந்த முறை துடைத்துக் கொடுக்கச் சொல்லவில்லை.