சைலன்சர் மாறிய பழைய ஹொண்டா: ஸ்குரூவா, ஜெட்டா, புதிய காபரேட்டரா?

கம்பனிச் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டிய பழைய இரட்டைச் சிலிண்டர் வண்டியைச் சரிப்படுத்த மூன்று வழிகள் உண்டு. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரின் கலவை ஸ்குரூவைத் திருப்பி ஒப்பேற்றலாம். அதே காபரேட்டரில் ஜெட்களை, அதாவது பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டுகளை, மாற்றலாம். அல்லது பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக மிக்குனி என்ற வேறு நிறுவனத்தின் காபரேட்டரைப் பூட்டலாம். மட்டக்களப்பின் காற்றுக்கும் வீதிக்கும் இரண்டாவது வழிதான் ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். முதலாவது பாதி வேலை. மூன்றாவது, காபரேட்டர் உண்மையிலேயே தேய்ந்து போனவர்களுக்கு மட்டும் உரியது.

ஹொண்டா சிபி350-ஐ எடுத்துக்கொள்வோம். 1968 முதல் 1973 வரை வெளிவந்த வண்டி. 325 சிசி, இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெய்ஹின் வெற்றிட காபரேட்டர். இந்த வகையில் அக்சிலேட்டர் கேபிள் அடியிலுள்ள தட்டை மட்டுமே திறக்கிறது. நீடிலை (பெற்றோல் வரும் துளைக்குள் நிற்கும் ஊசி) தாங்கும் ஸ்லைடை மேலே தூக்குவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம். எஞ்சினுக்கு வேண்டிய அளவுக்கே அது எழும் என்பதுதான் அதன் அழகு.

சைலன்சர் மாறும்போது எரிந்த வாயு வெளியேறும் விதமும், குழாயில் அழுத்த அலைகள் திரும்பி வரும் நேரமும் மாறிவிடுகின்றன. சிலிண்டருக்குள் கூடுதல் காற்று நுழைகிறது. அதற்கு ஏற்ற பெற்றோலைப் பழைய ஜெட் எல்லா வேகத்திலும் கொடுப்பதில்லை. பெற்றோல் முழுதாக எரிய, எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். நல்ல இழுவைக்கு அந்த விகிதம் 12.5க்கும் 13க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிக் கலவை மெலிந்தால், அதாவது காற்றுக்குப் பெற்றோல் போதாவிட்டால், எஞ்சின் சூடேறும். ஒரே வேகத்தில் போகும்போது இழுத்து இழுத்துவிடும். அக்சிலேட்டரை விட்டதும் சுற்று உடனே இறங்காது. பிளக்கின் நுனி வெளுக்கும். சூடான எஞ்சினில் சோக்கைச் சிறிது இழுத்ததும் ஓட்டம் சீராகிறதென்றால் மெலிவுதான் காரணம் என்று முடிவு செய்யலாம்.

சைலன்சரில் 'படபட'வென்று வெடிப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வளைகுழாய் சிலிண்டர் தலையோடு சேரும் இடத்தில் பழைய கேஸ்கெட்டையே மறுபடி வைத்திருந்தால், அந்த இடுக்கால் நுழையும் வெளிக்காற்றும் அதே சத்தத்தைத் தரும். புது கேஸ்கெட் போட்டு, வால்வு இடைவெளியையும் (சிபி350-க்குக் குளிர்ந்த எஞ்சினில் உள்வால்வு 0.05, வெளிவால்வு 0.10 மில்லிமீற்றர்) பொயின்ட் நேரத்தையும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) சரிபார்த்த பிறகே காபரேட்டரில் கை வைக்க வேண்டும்.

ஸ்குரூவுக்காகப் பேசுபவர்களின் நியாயம் செலவில்லை என்பதுதான். ஆனால் அந்த ஸ்குரூ ஆள்வது ஐட்லிங்கிலிருந்து அக்சிலேட்டரின் எட்டில் ஒரு பங்கு வரைதான். கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில் ஆள்கிறது. அதற்கு மேல் மெயின் ஜெட். ஸ்குரூவை எவ்வளவு திருப்பினாலும், கல்முனை வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவனுடைய கலவை ஏறக்குறைய முன்பு இருந்தபடியேதான் இருக்கும். ஐட்லிங் அழகாகிவிட்டதால் வேலை முடிந்தது என்று நம்பி, மேல்வேகத்தில் மெலிந்த கலவையோடு நாள் முழுக்க ஓடுவதுதான் இந்த வழியின் ஆபத்து. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்குரூ எயார் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது. உள்ளே திருகினால் கலவை செறியும், அதாவது பெற்றோலின் பங்கு கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருகும்போதுதான் செறியும். இது தெரியாமல் நேர் எதிராகத் திருப்பப்பட்ட வண்டிகள் ஏராளம்.

ஜெட் மாற்றும் வழியில் பொறுமை வேண்டும். மேலிருந்து கீழே வருவது நல்லது: முதலில் மெயின், அடுத்து நீடில், கடைசியில் பைலட்டும் (ஐட்லிங்குக்கான சிறிய ஜெட்) ஸ்குரூவும். கெய்ஹின் மெயின் ஜெட்டின் எண் ஏறத்தாழ அதன் துளையின் விட்டம்; 110 என்றால் 1.10 மில்லிமீற்றர். எண் சிறிதாக ஏறினாலும் பெற்றோல் பாயும் பரப்பு நன்றாகவே கூடும்: 110-இலிருந்து 115-க்குப் போனால் 9 வீதம், 120-க்குப் போனால் 19 வீதம். ஆகவே ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். மிக்குனியின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டிலோ எண் நிமிடத்துக்கு எத்தனை சிசி பாய்கிறது என்பதைக் குறிக்கிறது. ஒன்றின் எண்ணைச் சொல்லி மற்றதை வாங்கினால் கணக்கே பிழைத்துவிடும்.

நீடிலில் பள்ளங்கள் இருந்தால், அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கலாம். நீடில் உயர்ந்து கலவை செறியும். பள்ளமில்லாத நீடிலுக்கு அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள பித்தளை வாஷர் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும். நகருக்குள் கோட்டைமுனைக்கும் கல்லடிக்கும் இடையே ஓடுகிறவருடைய அக்சிலேட்டர் பெரும்பாலும் நீடிலின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அவருக்கு மெயின் ஜெட்டைவிட அந்தச் சின்ன வாஷர்தான் வித்தியாசத்தைக் காட்டும். ஜெட் கிடைக்கவில்லையென்று துளையைத் துரப்பணத்தால் பெருப்பிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். துளையின் விளிம்பு கெட்டுவிடும், இரண்டு சிலிண்டருக்கும் ஒரே அளவு அமையாது, பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது. எண் பொறித்த ஜெட்டைக் கொழும்பிலிருந்து வரவழைக்கக் காத்திருப்பது நட்டமல்ல.

மிக்குனி விஎம் வகைக்கு மதிப்பில்லாமல் இல்லை. கட்டமைப்பு எளிது, ஜெட்டும் நீடிலும் விதவிதமாகக் கிடைக்கின்றன, கை திருப்பியதும் ஸ்லைடு நேரடியாக எழுகிறது. அந்த நேரடித் தன்மையே குறையாகவும் மாறுகிறது. தாழ்ந்த வேகத்தில் சட்டென்று முறுக்கினால் ஸ்லைடு காற்றோட்டத்தை முந்திவிடும், எஞ்சின் ஒரு கணம் திணறும். சந்தை நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு இது ஓயாத தொல்லை. உறிஞ்சு குழாயின் ரப்பர், கேபிள், எயார் பொக்ஸ் (எயார் ஃபில்டர் அடங்கிய பெட்டி) என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். செலவும் அங்கேதான் பெருகுகிறது. மலிவான பிரதிகளை வாங்கினால் ஜெட்டில் பொறித்த எண்ணையே நம்ப முடியாது. பழைய காபரேட்டரின் உடல் தேய்ந்து, தட்டின் அச்சு ஆடி, அந்த வழியே காற்று உறிஞ்சப்படுகிறதென்றால் மட்டும் மிக்குனிக்கு என் சம்மதம் உண்டு.

மிக்குனியோடு கூடவே வருவது திறந்த கூம்பு ஃபில்டர். வெற்றிட காபரேட்டருக்கு எயார் பொக்ஸின் அமைதியான காற்று வேண்டும்; ஸ்லைடு எழுவதும் தாழ்வதும் அந்த அழுத்தத்தை நம்பித்தான். திறந்த ஃபில்டர் போட்டதும் நடுவேகம் குழம்பும். கார்த்திகை, மார்கழி மழையில் அது நனையும். அறுவடைக் காலத்தில் வயலோர வீதிகளின் தூசியை விழுங்கும். சைலன்சரை மாற்றினாலும் எயார் பொக்ஸை விட்டுவிடுங்கள் என்று ஆர்வமுள்ள எல்லாத் தம்பிமாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். உள்தடுப்புள்ள சைலன்சரைத் தெரிவு செய்தால் ஜெட் மாற்றமும் ஒரு படியோடு நின்றுவிடக்கூடும், வைத்தியசாலை வீதியில் நோயாளிகளின் தூக்கமும் கெடாது.

எந்த வழியில் போனாலும் இரண்டு காபரேட்டரும் சமமாக இழுக்க வேண்டும். சைலன்சர் வாயில் கை வைத்துப் பார்ப்பது தோராயம். உறிஞ்சு குழாயில் துளை உள்ள வண்டிகளுக்கு வெற்றிட மானி இருந்தால் நல்லது. இல்லாதவர்கள், கண்ணுக்குத் தெரியும் நீண்ட பிளாஸ்ரிக் குழாயை வளைத்து, பாதிக்கு எண்ணெய் விட்டு, இரு முனைகளையும் இரு துளைகளில் மாட்டலாம். எண்ணெய் மட்டம் இரு பக்கமும் ஒன்றானால் காபரேட்டர்கள் ஒத்துவிட்டன. ஒரு பக்கம் வேகமாக ஏறினால் எஞ்சினுக்குள் போகுமுன் நிறுத்திவிட வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. நாட்கணக்காக நிற்கும் வண்டியில் பித்தளை ஜெட்டுக்குள் பச்சை படிந்து பைலட்டின் நுண்துளை அடைபடும். அதை மெலிந்த கலவை என்று எண்ணிப் பெரிய ஜெட் வாங்குமுன் கழற்றி ஊதிப் பாருங்கள். நீண்ட நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் மிதவைக் கிண்ணத்தின் பெற்றோலை வடித்துவிடுங்கள்.

மெயின் ஜெட்டைச் சோதிக்க நேர் வீதி வேண்டும். செங்கலடியிலிருந்து கரடியனாறு நோக்கிப் போகும் ஏ5 வீதியில், அதிகாலையில், ஆள் நடமாட்டமும் மாடுகளும் இல்லாத துண்டில் முழுத் திறப்பில் சிறிது தூரம் ஓட்டி, கிளச்சைப் பிடித்து எஞ்சினை அப்படியே நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்பழுப்பு நல்லது, கரி படிந்திருந்தால் செறிவு. இரண்டு ஜெட்களில் எது என்று தயக்கம் வந்தால் அந்த வீதியே பதில் சொல்லும். அதே ஏ5 பதுளை வழியாக ஏறி 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. இங்கே சற்றுச் செறிவாக வைத்த கலவை அங்கே பிளக்கைக் கரியாக்கிவிடும். மலைக்கு அடிக்கடி போகிறவர், இங்கே பிளக் வெளுக்காத வரையில், சிறிய எண்ணைத் தெரிவு செய்யலாம். கரையோரத்திலேயே ஓடுகிறவருக்குப் பெரிய எண்தான் பாதுகாப்பு.