ஓங்கிலா, ஈரல்செடியா?

எங்கள் கோவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்த மழைக்காலத்துக்கு ஓர் உயிரைப் பற்றி மட்டும்தான் சொல்லித்தர நேரம் இருக்கிறது. எங்கள் மியான்மர் ஆற்று டால்பினான ஐராவதி ஓங்கிலா, ஈரச் சுவரில் பாசிபோலப் படரும் மார்கான்ஷியா என்கிற ஈரல்செடியா? ஒரு வாரமாக மனதில் இதே யோசனை.

இரண்டும் எதிரெதிர்த் திசையில் பயணம் போனவை. ஓங்கிலின் முன்னோர் தரையில் நாலு காலில் நடந்தவை. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்குத் திரும்பின. ஈரல்செடியின் முன்னோர் அதற்கும் வெகுகாலம் முன்பே தண்ணீரிலிருந்து கரையேறியவை. ஆனால் பழைய வீட்டை இரண்டுமே முழுசாக விடவில்லை. ஓங்கில் மூச்சுவிட மேலே வந்தே ஆகவேண்டும். ஈரல்செடியின் ஆண் உயிரணு, பெண் உயிரணுவைத் தேடி இன்றும் நீந்தித்தான் போகிறது.

மாண்டலேக்காரர்களுக்கு ஓங்கில் சொந்த ஆற்றுப் பிள்ளை. பர்மியர் லபைங் என்பார்கள். மாண்டலேக்கு வடக்கே உள்ள ஆற்றங்கரை ஊரான மிங்குனுக்கு மேலே ஒருமுறை பார்த்தேன்: 'புஸ்' என்று ஒரு சத்தம், மூக்கு நீளாத உருண்டைத் தலை, அவ்வளவுதான், மறுபடி சேற்றுநிற ஆறு. மீனவர் படகின் ஓரத்தைக் குச்சியால் தட்டிக் கூப்பிடுவார். அது மீனை வளைத்து ஓட்டி வந்து வாலசைத்துக் காட்டும், வீச்சுவலை விழும். இருவருக்கும் மீன். மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பவர்கள் இந்த நட்பைக் கெடுக்கிறார்கள். 2005இல் மிங்குனிலிருந்து வடக்கே ஆற்றைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தும், நம் ஆற்றில் மிஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. நெஞ்சு பதறுகிறது.

ஈரல்செடிக்கு இப்படிக் கதை கிடையாது. வேர் இல்லை, பூ இல்லை. ஈரச் சுவரில் ஒட்டிய பச்சைத் தகடு. ஆனால் குனிந்து பாருங்கள்: தகட்டின் மேல் குட்டிக் கிண்ணங்கள், உள்ளே பச்சைப் பொடிபோலக் குஞ்சுகள். சொட்டு மருந்துக் குழாயால் ஒரு துளி விட்டேன். குஞ்சுகள் தெறித்து என் புறங்கையில் வந்து ஒட்டின. மழை இதைத்தான் செய்கிறது. விழுந்த இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு செடி.

அந்தத் துளியைப் பிள்ளைகளே விடலாம். ஓங்கிலையோ படத்தில்தான் காட்ட முடியும், அதற்கு எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போய்த்தான் அதைக் காட்ட வேண்டும். சரி, இப்போதைக்கு ஈரல்செடி. மேமியோ மலையூரில் சித்தி வீட்டுப் பின்சுவரிலிருந்து ஒரு தட்டு நிறைய, ஈரத்துணி போர்த்தி, சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறது.