மேக்புக் ஏரில் லினக்ஸ் மின்ட்: பேட்டரி மாற்றிய கையோடு

போன வாரம் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் பேட்டரி மாற்றினேன். அடிமூடியின் பத்துத் திருகாணிகளையும் கழற்றிய பையன் திரையில் பச்சை மின்ட் சின்னத்தைப் பார்த்துவிட்டு, “நல்ல மேக்ல ஏண்ணா இதப் போட்டீங்க?” என்றான். அன்று ராத்திரியே மச்சினன் போன் செய்தான். “மாமா, பழைய மேக் ஒண்ணு வருது. எந்த டிஸ்ட்ரோ போடறது?” லினக்ஸ் என்பது மேக்கின் சொந்த சிஸ்டத்துக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டம்; அதன் ஒவ்வொரு வகையும் ஒரு டிஸ்ட்ரோ, மின்ட் அதில் ஒன்று. இருவருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2017 ஏர், 8 ஜிபி ரேம். ஆப்பிள் இதற்குக் கடைசியாகத் தந்த சிஸ்டம் மான்டரே. அதற்கு மேல் போக வழியில்லை என்றானதும் லினக்ஸ் பக்கம் வந்தேன். இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

டிஸ்ட்ரோவுக்கு முன்னால் மாடலைப் பாருங்கள். 2018 முதல் வெளிவந்த இன்டெல் ஏர், ப்ரோ லேப்டாப்களில் டி2 என்ற சில்லு இருக்கிறது; கீபோர்டும் டிராக்பேடும் வேலை செய்வதற்கே தனியாகத் திருத்திய கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) வேண்டும். ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்1, எம்2 என்றால் அவற்றுக்கென்றே உள்ள அசாஹி லினக்ஸ், அதுவே வேறு உலகம். அதற்கெல்லாம் முந்திய ஏர்தான் லினக்ஸுக்குத் தோதான மாடு. ஆனால் அதுவும் ஒரு காலால் உதைக்கும்.

அந்தக் கால் வைஃபை.

உள்ளே இருக்கும் வைஃபை சில்லை இயக்கும் நிரல், அதாவது ட்ரைவர், கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. மூல நிரல் வெளியிடாத மூடிய ட்ரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். கெர்னல் மாறும்போதெல்லாம் அது புதிதாகக் கம்பைல் ஆக வேண்டும், அதாவது புதுக் கெர்னலுக்கு ஏற்றபடி திரும்பக் கட்டப்பட வேண்டும். கெர்னலுக்குள் ஏதாவது ஒரு ஃபங்ஷன் மாறிப்போனால் கம்பைல் ஆகாது, வைஃபை காணாமல் போகும். சரிசெய்ய நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். கயிறு கிணற்றுக்குள் விழுந்த கதைதான்.

முதலில் போட்டது ஃபெடோரா. டிராக்பேடில் மூன்று விரலால் தள்ளினால் திரை வழுக்கிக்கொண்டு போகும் அழகுக்காகவே அதை வைத்திருக்கலாம். ஆனால் புதுக் கெர்னல் வந்ததும் அதைத் தந்துவிடும் டிஸ்ட்ரோ அது. மற்றவர்களுக்கு அது வரம், எனக்கு வம்பு.

மாதத்தில் நான்கு நாள் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குக் கணக்குப் பார்க்கிறேன். பழம் பறிக்கும் சீசன், சனிக்கிழமை, ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும். முந்தின ராத்திரி அப்டேட்டுக்குச் சரி சொல்லிவிட்டுத் தூங்கியிருந்தேன். காலையில் வைஃபை சின்னமே இல்லை. போன் சிக்னலோ வராந்தாவின் கோடியில் ஒரே ஒரு கோடு. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுகொண்டு, குளிரில் விரல் விறைக்கச் சம்பளப் பட்டியல் அனுப்பினேன். கம்ப்யூட்டர் ஏறும்போதே கிரப் என்ற தொடக்க மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இதைக் கீழே இறங்கி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரமே மின்ட்டுக்கு மாறினேன். இதன் கெர்னல் சாவகாசமாக நகர்கிறது. எந்தக் கெர்னல் வேண்டும் என்பதை அப்டேட் மேனேஜரிலேயே தேர்ந்தெடுக்கலாம். சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கூடவே வருவதால், முந்தைய நாள் நிலைமைக்குத் திரும்புவதும் எளிது. பார்க்கக் கொஞ்சம் பழைய வீட்டு ஹால் மாதிரி இருக்கும், பரவாயில்லை. மலைக்குப் போகும் வாரத்தில் கெர்னல் அப்டேட்டைத் தொடவே மாட்டேன்.

அதற்காக மின்ட்டில் தொல்லையே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை மூடியைச் சாத்திப் பையில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால், அடிவாரத்தில் பை இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. தூங்கப்போன அடுத்த நொடியே யூஎஸ்பி பகுதி அதை எழுப்பிவிட்டிருக்கிறது. அந்த எழுப்பலை நிறுத்த ஒரே ஒரு வரி போதும், ஆனால் அந்த ஒரு வரியைத் தேட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கேமராவுக்கும் தனி ட்ரைவர் கட்ட வேண்டும். கட்டவில்லை, மீட்டிங்கெல்லாம் போனில்தான்.

ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்த எம்பிபிஃபேன் என்ற நிரலைப் போட்டிருக்கிறேன். ஏற்காட்டில் அது இருப்பதே தெரியாது. சேலத்து மே மாதத்தில் ரைஸ்மில்.

எதிர்பாராத சந்தோஷம் என்றால் பேட்டரிதான். புது பேட்டரியில் கணக்கு வேலை மட்டும் பார்த்தால் காலையில் சார்ஜரைப் பிடுங்கினால் சாயங்காலம் வரை தேடுவதில்லை. தமிழ்99 கீபோர்டு முறையும் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் பிசிறில்லாமல் ஓடுகிறது. இந்தக் கட்டுரை அதில் அடித்ததுதான்.

வைஃபை தகராறுக்குக் கடைசியில் யூஎஸ்பியில் செருகும் ஒரு குட்டி வைஃபை டாங்கிள் வாங்கினேன். அதன் மீடியாடெக் சில்லுக்குக் கெர்னலிலேயே ட்ரைவர் இருக்கிறது, செருகினால் போதும். இரண்டே யூஎஸ்பி துளையில் ஒன்று போச்சு. அந்த வழுவழு அலுமினிய உடம்பில் அது துருத்திக்கொண்டு நிற்பது, சேலம் வெண்பட்டு வேட்டியில் ஊக்குக் குத்தியது போலத்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

மச்சினனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “இதெல்லாம் உனக்கு வேண்டாம்டா, அந்தக் காசுக்குப் பழைய திங்க்பேட் லேப்டாப் ஒண்ணு வாங்கு” என்றேன்.

“அப்போ உங்களோடதை எனக்குத் தள்ளிவிடுங்க மாமா, நான் பார்த்துக்கறேன்.”

“தர முடியாது. இப்பத்தான் பேட்டரி மாத்தியிருக்கேன்.”