சிட்டி சென்டரா, பக்கத்துத் தெரு டாக்டரம்மாவா? நாற்பதுக்கு மேல் ஐ.வி.எஃப். எடுப்பவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் டாக்டரம்மா பக்கம் போனவர்கள். இந்த அலசலில் தராசு நடுவில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு 42, அவருக்கு 47, வீடு தண்டையார்பேட்டை. நாள் தள்ளிப்போவதில் எங்களுக்குச் சிக்கல் இருந்ததில்லை. தங்குவதில்தான். கரு உண்டாகவே இல்லை என்று அலைகிறவர்களுக்கு நான் போடுகிற கணக்கு அப்படியே பொருந்தாது.

எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, அண்ணா நகர், நுங்கம்பாக்கம் பக்கம் பார்க்கிற பெரிய கருத்தரிப்பு மையம், அதைத்தான் சென்டர் என்கிறேன். இன்னொன்று, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டாமலே போகக்கூடிய ஒரு நர்சிங் ஹோம். கீழே பிரசவ வார்டு, முதல் மாடியில் ஐ.வி.எஃப். லேப் (முட்டையை வெளியே எடுத்து, லேபில் கருவாக்கி, திரும்ப உள்ளே வைப்பதுதான் ஐ.வி.எஃப்.), அதற்கு மேல் டாக்டரம்மாவின் வீடு. எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது. கையில் காசு இல்லாதவர்கள் முதலில் அங்கே விசாரிப்பதுதான் புத்திசாலித்தனம். நாங்கள் அந்த வழியில் போகவில்லை, அதனால் அதைப் பற்றி அளக்க மாட்டேன்.

செலவை வைத்து முடிவு செய்ய முடியவில்லை. ஊசி மருந்தோடு சேர்த்து ஒரு சைக்கிளுக்கு இரண்டு இடத்திலும் எங்களுக்குச் சொன்னது ஒன்றரை லட்சத்துக்கும் இரண்டரை லட்சத்துக்கும் நடுவில். வயது ஏறினால் ஊசி டோஸ் ஏறும், பில்லும் கூடவே ஏறும். சட்டமும் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். 2021-ல் வந்த ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரைதான் சிகிச்சை தரலாம். முதல் நிலைப் பதிவு உள்ள இடத்தில் விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துகிற ஐ.யு.ஐ.-யோடு சரி, ஐ.வி.எஃப். செய்ய இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். அந்தச் சான்றிதழை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கண்ணில் படவில்லை என்றால் கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

சென்டர் ஜெயிக்கிற இடத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். லேப். அங்கே முட்டையையும் கருவையும் லேபில் கையாளுகிற எம்ப்ரியாலஜிஸ்ட் நாள் முழுக்க இருக்கிறார். தினமும் முட்டை எடுக்கிறார்கள், தினமும் எம்ப்ரியோவை, அதாவது லேபில் வளர்ந்த கருவை, உள்ளே வைக்கிறார்கள், கை பழகியிருக்கிறது. நம் பக்கத்துச் சின்ன இடங்களில் எம்ப்ரியாலஜிஸ்ட் வெளியிலிருந்து வருவார். நாலைந்து பேரை ஒரே வாரத்தில் சேர்த்து, ‘பேட்ச்’ போட்டுச் செய்வார்கள். உங்கள் முட்டை எப்போது முதிர்கிறதோ அப்போது எடுப்பதற்குப் பதிலாக, பேட்ச் தேதிக்கு உங்கள் பீரியட்ஸை மாத்திரையால் தள்ளிவைப்பதும் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முட்டையே குறைவாகத்தான் வரும். அதில் ஒன்று லேபில் வீணானாலும் பெரிய நஷ்டம். டாக்டரம்மாவிடம் நான் முதலில் கேட்டதே இதைத்தான். அவர் மழுப்பாமல், “பேட்ச்தாம்மா, ஆனா அந்த வாரம் முழுக்க எம்ப்ரியாலஜிஸ்ட் இங்கயே இருப்பாங்க” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்கும் போதும் என்று சொல்ல மாட்டேன்.

போக்குவரத்தும் சென்டருக்கு எதிராக இல்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அண்ணா நகர். காலை ஸ்கேனை முடித்துக்கொண்டு பாரிமுனையில் இருக்கிற என் ஆபீஸுக்கு நேரத்துக்கு வந்துவிடலாம். மெட்ரோ ஓடாத நேரத்தில்தான் பிரச்சினை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்டரில் கவுன்சிலர் என்று ஒரு பெண் பளபளப்பான தாளை எங்கள் முன் வைத்தார். பல சைக்கிள் பேக்கேஜ், குழந்தை இல்லையென்றால் ஒரு பகுதிப் பணம் திரும்ப, இ.எம்.ஐ. வசதி. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் சின்ன எழுத்தில், கர்ப்பத்தைக் காட்டுகிற பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் வந்தாலே சிகிச்சை பலித்ததாகக் கொள்ளப்படும், அதன் பிறகு பணம் திரும்பக் கிடைக்காது என்று இருந்தது. நான் அவரிடம், “எனக்கு பாசிட்டிவ் வர்றதுக்கு நீங்க தேவையே இல்லையேம்மா” என்றேன். “இல்ல மேடம், இது எல்லாருக்கும் ஒரே ரூல்தான்” என்றார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அந்தத் தாளை அவரா எழுதினார்?

எங்கள் முடிவு அந்த இடத்திலேயே பாதி ஆகிவிட்டது. ஏற்கெனவே கலைந்தவர்களுக்குச் சிகிச்சையின் கஷ்டமான பாதி பாசிட்டிவுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சென்டர்களில் ஏழாவது, எட்டாவது வாரம் துடிப்பைப் பார்த்ததும் ஃபைலைக் கையில் கொடுத்து, “இனிமே உங்க கைனக் கிட்ட பாத்துக்குங்க” என்று அனுப்பிவிடுவது வழக்கம். முதல் மூன்று மாதத்தின் நட்டநடுவில் புது டாக்டர், புது ஃபைல், முதலிலிருந்து அதே கதை. ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் வெற்றி சதவீதத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: பாசிட்டிவ் வந்த நாளிலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை என்னை யார் பார்ப்பார்கள், ராத்திரி ரத்தம் பட்டால் யார் கதவைத் திறப்பார்கள்?

டாக்டரம்மா ஐ.வி.எஃப். பேச்சை எடுப்பதற்கு முன்பே பழைய ஃபைலைக் கேட்டார். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, கர்ப்பப்பையில் தடுப்புச் சவ்வு இருக்கிறதா என்று கேமரா வைத்துப் பார்ப்பது, எங்கள் இருவருக்கும் குரோமோசோம் டெஸ்ட், ரத்தம் உறைகிற ஏ.பி.எஸ். ஆன்டிபாடி டெஸ்ட். கடைசியாகச் சொன்னதை 12 வார இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுக்க வேண்டும். ஒரு தடவை பாசிட்டிவ் வந்ததுமே, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடுகிற ஊசியை ஆரம்பிக்கக் கூடாது. தைராய்டு, சர்க்கரை மாதிரி சாதாரண டெஸ்ட்டுகளை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே எடுத்து வரச் சொன்னார். டெஸ்ட்டில் லாபம் பார்க்க நினைக்கிற ஆஸ்பத்திரி இப்படிச் சொல்லாது.

முன்பு ஒரு தடவை கலைந்தபோது, வேறொரு ஆஸ்பத்திரியில் திசுவை ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டார்கள். வந்த ரிப்போர்ட்டில் ‘கர்ப்பத் திசு’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். குரோமோசோம் பார்க்க வேண்டுமென்றால் திசு சலைனில் போக வேண்டும், ஃபார்மலினில் போனால் செல்லை வளர்த்துப் பார்க்க வழியில்லை. அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் இதையெல்லாம் குடும்பத்தில் யாரால் கேட்க முடியும்? டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு இங்கேயே ஐ.வி.எஃப். எடுத்தோம். பாசிட்டிவும் வந்தது. ஒரு நாள் ராத்திரி, கடைசி மெட்ரோவும் போன பிறகு, ரத்தம் பட்டது. ஆட்டோவில் போய் இறங்கினோம். டியூட்டி நர்ஸ் மாடிக்கு போன் போட்டார். டாக்டரம்மா நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டே இறங்கி வந்தார். ஸ்கேன் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பவில்லை. பார்த்து முடித்துவிட்டு என் காலைத் தொட்டு, “துடிப்பு இல்லம்மா. இந்த வாட்டி காரணத்தைக் கண்டுபிடிச்சுடலாம்” என்றார். மறுநாள் அவர் கையாலேயே சலைன் பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்பினார்.

ரிப்போர்ட்டில், 16-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. கலைகிற கருக்களில் அடிக்கடி பார்க்கிற கோளாறு இது. பெண்ணின் முட்டைகள் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. நாற்பது வருஷம் கழித்துப் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கு பிரிவதில்லை. நாற்பதைத் தொடும்போது மூன்றில் ஒரு கர்ப்பமாவது கலைகிறது, நாற்பத்தைந்தில் பாதிக்கு மேல். நான் மாடி ஏறியதும் காரணமில்லை, மாமியார் சொன்ன பப்பாளியும் காரணமில்லை. அந்த ரிப்போர்ட்டைப் படித்த பிறகு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது.

இன்னொரு லாபமும் உண்டு. ஏ.பி.எஸ். இல்லை, முட்டைதான் காரணம் என்று தெரிந்ததால், இன்ட்ராலிபிட் ட்ரிப் (கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவது), சினைப்பையில் பி.ஆர்.பி. (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் ஊசி) என்று சென்டர் பட்டியலில் இருந்த எக்ஸ்ட்ராக்களை எங்களால் தைரியமாக ஒதுக்க முடிந்தது. கருத்தரிப்பு மருத்துவத்துக்கான ஐரோப்பியச் சங்கம் எஷ்ரே, இந்த மாதிரிச் சேர்க்கைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று 2023-லேயே சொல்லிவிட்டது.

எதிர்த் தரப்பு இங்கே சரியான கேள்வியைக் கேட்கும். சென்டரில் பி.ஜி.டி. (வைப்பதற்கு முன்பே எம்ப்ரியோவின் குரோமோசோமைப் பார்க்கிற டெஸ்ட்) செய்திருந்தால் அந்த எம்ப்ரியோவை வைத்திருக்கவே மாட்டார்களே? ஆமாம், அநேகமாக வைத்திருக்க மாட்டார்கள். ஐந்தாம் நாள் எம்ப்ரியோவின் வெளி அடுக்கிலிருந்து சில செல்களை எடுத்து, அவற்றில் இருக்கிற குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கிறார்கள். கலைவதைக் குறைக்கலாம், ஆனால் கெட்ட முட்டையை நல்லதாக்காது. எங்கள் வயதில் ஐந்தாம் நாள் வரை வளர்கிற எம்ப்ரியோவே அபூர்வம், டெஸ்ட்டுக்கு ஒன்றுமே மிஞ்சாத சைக்கிள்கள் நிறைய. எல்லோருக்கும் இதைச் செய்யும்படி எஷ்ரே பரிந்துரைக்கவும் இல்லை. ஆனாலும் இன்னொரு தடவை கலைவதைத் தாங்க முடியாது என்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே சென்டர் சரியாக இருக்கலாம். இதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன்.

சொந்த முட்டையில் எத்தனை தூரம் போவது என்பதும் மிச்சம் இருக்கிறது. 42-ஐத் தாண்டினால் ஒரு சைக்கிளில் குழந்தை கையில் வருவது நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. ஏ.எம்.ஹெச். என்கிற ரத்த டெஸ்ட் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், அது முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. கொடை முட்டை என்றால் கணக்கே மாறிவிடும், கொடுக்கிறவரின் வயதுதான் பேசும். சட்டப்படி அவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்கு 12 மாத இன்ஷூரன்ஸ் எடுத்துத் தர வேண்டும், பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் முட்டையை விற்ற வழக்கை நாம் பேப்பரில் படித்தோம். கொடுக்கிறவரின் வயது, இன்ஷூரன்ஸ், வங்கிப் பதிவு இவற்றுக்கான காகிதங்களைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

நாங்கள் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை, அதனால் என் அனுபவம் இதோடு நிற்கிறது. ஆனால் அந்த வழி என்றால் என் சாய்வும் மாறும். வங்கி, காகிதம், ஃப்ரீஸிங் எல்லாம் பெரிய லேபுக்குத்தான் பழக்கம். டாக்டரம்மாவிடமே கேட்டேன். “முட்டை வெளியிலேர்ந்துன்னா சிட்டியில செஞ்சுக்கோம்மா. பாசிட்டிவ் வந்த அன்னைக்கே இங்க வந்துடு. அந்தக் கர்ப்பத்துல பிரஷர் ஏற வாய்ப்பு ஜாஸ்தி, நான் ஆரம்பத்துலேர்ந்தே பாக்கணும்” என்றார். சென்டரிலிருந்து வாங்கி வர வேண்டியதையும் ஒரு பிரிஸ்கிரிப்ஷன் தாளில் எழுதிக் கொடுத்தார்: எம்ப்ரியோ எத்தனையாவது நாள், எந்தத் தேதி வைத்தார்கள், கர்ப்பம் தங்கக் கொடுக்கிற புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் என்ன டோஸ், எந்த வாரம் வரைக்கும்.