'கொடுவா செட்' வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண்மாயிலும் ஊரணியிலும் விரால் பிடித்துப் பழகிய பலர் இப்போது கொடுவா மீனைத் தேடித் தொண்டிக் கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களைக் குறிவைத்து எங்கள் வட்டாரத்துத் தூண்டில் கடை ஒன்று, மூழ்கிய படகுகளைச் சுற்றிக் கொடுவா பிடிப்பதற்கென்றே ஒரு முழு செட் விற்கிறது. ராடு, ரீல், பிரைடு எனப்படும் பின்னல் தூண்டில் நரம்பு, அதன் முனைக்கும் முள்ளுக்கும் இடையே கட்டும் தடித்த நரம்பான லீடர், தூண்டில் முள், லூர் எனப்படும் செயற்கை இரை மூன்று எல்லாம் சேர்த்து ரூ.14,500. மேற்கொண்டு ரூ.6,000 கட்டினால் படகுப் பயணத்தையும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். நானும் என் சித்தப்பா மகனும் ஆளுக்கு ஒரு செட் வாங்கினோம். பெட்டியின் மேல் அச்சடித்திருந்தவை ஒவ்வொன்றாகப் பொய் என்று தெரியவந்தது. அதே கடை மறுபடியும் முன்பதிவு வாங்கத் தொடங்கியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

திறந்த மணல் தரையில் மட்டமான நரம்பைப் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். மீன் ஓடட்டும் என்று விட்டுப் பிடிக்க இடம் இருக்கிறது. மூழ்கிய படகின் ஓரத்தில் அந்த இடம் இல்லை. கொடுவா நீரோட்டத்தின் வேகம் படாத மறைவில், ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்றுகொண்டிருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் பாய்ந்து கவ்வி, உடனே திரும்பித் தன் பொந்துக்குப் போகும். முதல் சில நொடிகளில் அதன் தலையை நம் பக்கம் திருப்பியாக வேண்டும். அதற்காகத்தான் அங்கே ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு எளிதில் ஓடாமல் பிடித்துவைக்கும் அமைப்பை, நன்றாக இறுக்கி வைக்கிறோம்.

எவ்வளவு இறுக்குவது என்பதை நரம்பின் மேல் எழுதியிருக்கும் எண்தான் தீர்மானிக்கிறது. தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கு வரை வைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. பெட்டியில் 50 பவுண்டு என்று இருந்தது. அதாவது 22 கிலோவுக்கு மேல். அந்தக் கணக்குப்படி தொங்கு தராசை வைத்து ஏழு கிலோவுக்கு டிராக்கை அமைத்தோம். நரம்பின் உண்மையான பலம் பெட்டியில் எழுதியிருந்ததில் பாதிகூட இல்லை. 20 பவுண்டு என்று நேர்மையாக எழுதியிருந்தால் டிராக்கைத் தளர்த்திக்கொண்டு, மூழ்கிய படகின் சிதைவை விட்டுத் தள்ளி மணல் ஓரமாகப் போட்டிருப்போம். எண்ணில் சொன்ன பொய், கடலில் நாங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவையும் பொய்யாக்கிவிட்டது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

படகுக்கார அண்ணன் நல்ல மனிதர். கடை எங்களிடம் வாங்கிய ஆறாயிரத்தில் அவர் கைக்கு வந்தது 2,500 ரூபாய் மட்டுமே என்பது அவர் சொல்லித்தான் தெரியும். கடைக்காரர் தருவதாகச் சொன்ன உயிர்காப்பு உடைகளில் இரண்டின் வார்கள் இற்றுப்போயிருந்தன. அண்ணன் தன் வீட்டிலிருந்து வேறு இரண்டு கொண்டுவந்த பிறகே படகு கிளம்பியது.

இடத்துக்குப் போனதும் அவர் நங்கூரம் போடவில்லை. நீரோட்டத்தின் மேல்பக்கம் படகைக் கொண்டுபோய் இன்ஜினை அணைத்து, ஓட்டத்தோடு மிதக்கவிட்டார். முள்ளில் இரையாக உயிருள்ள மடவை மீன். ஈயக்குண்டைத் தரை தொடும்வரை இறக்கி, சிதைவு நெருங்கும்போது இரண்டு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) தூக்கிக்கொள்ளச் சொன்னார். ஈயக்குண்டை மட்டும் தனியாக ஒரு மெல்லிய நைலானில் கட்டிக் கொடுத்தார். இரும்பிலோ மரத்திலோ குண்டு சிக்கினால் அந்த மெல்லிய நரம்பு மட்டும் அறுந்துவிடும், மீதி நம் கையில் தங்கும். இவ்வளவு தெரிந்த ஒருவரோடு போகும்போது நல்ல கருவி மட்டும் கையில் இருந்திருக்க வேண்டும்.

சித்தப்பா மகனான தம்பியின் ராடு முதலில் வளைந்தது. ரீலின் கைப்பிடி திடீரென்று பின்பக்கமாகச் சுழன்றது. பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளை அந்த இழுவையைத் தாங்கவில்லை. அவன் கையால் பிடித்து நிறுத்திய அடுத்த நொடியே நரம்பு அறுந்தது. எனக்கு வந்த மீன் டிராக்கை ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, அதற்குள் அறுந்துவிட்டது. மூன்றாவது முறை நரம்பு பிழைத்தது, ஆனால் முள் நிமிர்ந்து வந்தது. அறுந்தவை எவையும் லீடர் முடிச்சில் அறவில்லை. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்திபோல் கூர்மையானது என்பதால் லீடரைத்தான் நாங்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். போனதெல்லாம் அதற்கு மேலே, நீரின் நடுவில்.

முள்ளையும் ஒரு முழ நரம்பையும் வாயில் இழுத்துக்கொண்டு அந்த மீன்கள் போனதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. கொடுவா ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் மீன். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். கரைக்கு வந்திருந்தால் அளவு பார்த்து விட்டிருக்கலாம், அல்லது சமைத்திருக்கலாம். யாருக்கும் உதவாமல் ஒரு தாய்மீனைக் காயப்படுத்தி அனுப்புவதற்கா இவ்வளவு பணம் கொடுத்தோம்?

கடைக்காரரிடம் போனால், "அண்ணே, அது இரும்பில் உரசி அறுந்திருக்கும்" என்றார். உரசியிருந்தால் அறுந்த முனைக்கு மேலே ஒரு சாணாவது பிசிர் பிசிராக இருக்கும். எங்களுடையது முனை வரைக்கும் வழுவழுப்பாக இருந்தது. அதைக் காட்டியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே வீட்டுக்கு வந்து, சுருளில் மீதமிருந்த, கடல்நீரே படாத நரம்பைச் சோதித்தோம்.

முடிச்சுப் போட்டால் அந்த இடம் பலவீனப்படும் என்பதால், வளவு எனப்படும் உள்முற்றத்தின் தேக்குத் தூணில் துணியைச் சுற்றி, அதன் மேல் நரம்பைப் பல சுற்றுச் சுற்றினோம். மறுமுனையைத் தொங்கு தராசின் கொக்கியில் மாட்டிய வழவழப்பான குழாயில் அதேபோல் சுற்றி, மெதுவாக இழுத்தோம். வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் ஒன்பது கிலோ அருகில் அறுந்தது. எட்டு இழை என்று எழுதியிருந்ததை ஊசியால் பிரித்துப் பார்த்தால் நான்கு இழை. 300 மீட்டர் என்றதை முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீட்டி நீட்டி அளந்தால் 200 மீட்டர்கூடத் தேறவில்லை. ஃபுளோரோகார்பன் என்று விற்ற லீடரின் துண்டையும் சாதாரண நைலான் துண்டையும் டம்ளர் தண்ணீரில் ஒன்றாக அமுக்கிவிட்டுப் பார்த்தோம். ஃபுளோரோகார்பன் கனமானது, முந்திக்கொண்டு இறங்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்கின. லூர்களின் வளையங்கள் ஒரே பயணத்தில் துருப்பிடித்துவிட்டன. பன்னிரண்டு பேரிங் என்ற ரீலைப் பிரித்துப் பார்த்தபோது இருந்தவை மூன்று.

செட் விலை குறைவு என்று யாராவது சமாதானம் சொல்லலாம். குறைந்த விலைக்கு எளிய பொருளை விற்பதில் எந்தத் தவறும் இல்லை. அண்ணனின் கைத்தூண்டிலில் இருந்தது வெறும் தடித்த நைலான்தான். அதன் பலம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும், அதற்கேற்றபடி அவர் இழுக்கிறார். எங்களுக்கு அந்த வாய்ப்பையே கடை தரவில்லை.

வாங்குவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதிப் பொருளின் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. எங்கள் பெட்டியில் ஜப்பானிய எழுத்து மாதிரி ஏதோ இருந்ததே தவிர இவை எதுவும் இல்லை. நரம்பின் குறுக்களவு எவ்வளவு என்று கேளுங்கள். பலத்தை மட்டும் பெரிதாக அச்சடித்து குறுக்களவைச் சொல்லாத சுருளை வாங்காதீர்கள். கடையிலேயே ரீலின் டிராக்கை முழுக்க இறுக்கி, நரம்பைக் கையில் சுற்றாமல் ஒரு குச்சியில் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கைப்பிடி பின்வாங்கினால் அந்த ரீல் வேண்டாம்.

படகுப் பயணத்தை இந்தக் கடை வழியாகப் பதிவு செய்யவே செய்யாதீர்கள். மே மாதத்தில்கூட விசைப்படகில் அழைத்துப் போவதாகச் சொல்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இன்னும் தூரம் போனால் பெரிய கப்பல் கிடக்கிறது என்று ஆசை காட்டுவது அதைவிட ஆபத்து. பாக் விரிகுடாவில் தூரம் போவது என்றால் இலங்கை எல்லையை நெருங்குவது.

"பெட்டி பிரித்தாயிற்று, திரும்ப வாங்க மாட்டோம்" என்பதே கடையின் கடைசிப் பதில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். தீர்வு வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ஒரே குறையுள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனுச் செய்யவும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. இதே செட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் நரம்பை ரீலில் ஏற்றாமல், பெட்டியையும் பில்லையும் பணம் அனுப்பிய விவரத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.