தோல் பயாப்ஸியும் கையில் கிடைத்த பிளாக்கும்

ஊரில் பெரியப்பாவின் முதுகில் அடிபட்ட கன்றல்போல ஊதா நிறத் தடிப்பு. தோல் டாக்டர் பார்த்த அன்றே பயாப்ஸி எடுத்துவிட்டார். வெளிநாட்டில் தோல் நிபுணரைப் பார்க்கவே வாரக்கணக்கில் ஆகும். ஆனால் எடுத்த விதம்தான் ஆத்திரத்தைக் கிளப்பியது. மேல்தோலை மட்டும் சீவி அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை.

சந்தேகப்பட்டது பிபிடிசிஎன் என்ற அரிய ரத்தப் புற்றுநோய். இதில் மேல்தோல் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அதன் அடியில் செல் இல்லாத மெல்லிய பட்டை, அதற்கும் கீழேதான் புற்றுசெல்கள் குவிந்து கொழுப்பு வரை இறங்கும். அதனால் வட்டக் கத்தியால் ஆழமாகத் துண்டெடுக்கும் பஞ்ச் பயாப்ஸிதான் வேண்டும்: குறைந்தது 4 மி.மீ., முடிந்தால் 6, அடியில் கொழுப்பு தெரிகிற ஆழத்துக்கு. துண்டைப்போல் பத்து மடங்கு அளவு 10% ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) உடனே போட வேண்டும். சலைனில் போட்டு மணிக்கணக்கில் வைத்தால் செல்கள் சிதைந்துவிடும். பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு மாத்திரையும் கூடாது. தடிப்பு தற்காலிகமாக அமுங்கி, ஆளை ஏமாற்றும்.

இரண்டாவது தடவை ஒழுங்காக எடுத்தார்கள். இப்போது ரிப்போர்ட் ‘மைலாய்டு லுகேமியா தோலில் பரவியது’ என்றது; அது வேறொரு ரத்தப் புற்றுநோய். செல்லின் வகையைக் காட்டும் மார்க்கர் புரதங்களில் சிடி4, சிடி56 இரண்டும் பாசிட்டிவ் என்றதோடு நிறுத்திவிட்டார்கள். மோனோசைட் வகை லுகேமியாவிலும் அவை பாசிட்டிவாக வரலாமே! பிபிடிசிஎன்தானா என்று அறிய சிடி123, டிசிஎல்1, சிடி303 மார்க்கர்களையும் பார்க்க வேண்டும். மற்ற ரத்தப் புற்றுநோய்களைக் காட்டும் எம்பிஓ, லைசோசைம், சிடி3, சிடி20 நெகட்டிவ் என்றும் உறுதிசெய்ய வேண்டும். வைத்தியமே மாறுகிற விஷயம் இது: சிடி123-ஐக் குறிவைக்கும் டாக்ராக்ஸோஃபஸ்ப் மருந்துக்கு அமெரிக்காவில் 2018-லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

இங்கேதான் ஊர் மனசைக் குளிர வைத்தது. “கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோங்க சார்” என்று, வேறு லேபில் இந்தச் சோதனைகளைச் செய்ய, பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) ஸ்லைடுகளையும் கேட்ட அன்று மாலையே கையில் கொடுத்தார்கள். வெளிநாட்டில் என்றால் லேபுக்கு லேப்தான் அனுப்பும். படிவம், காத்திருப்பு, மறுபடி படிவம். கேட்கும்போது பிளாக்கையே கேளுங்கள். ஸ்லைடு மட்டும்தான் தருவோம் என்றால், சாயம் போடாததாக, கோட்டிங் கொடுத்த ஸ்லைடாக இருக்க வேண்டும்; சாதாரணக் கண்ணாடியில் மார்க்கர் சோதனையின்போது திசு கழன்று மிதந்துவிடும். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

பெரிய லேபில் சிடி123 பளிச்சென்று பாசிட்டிவ். தோலோடு நிற்கிற நோய் இல்லை இது. எலும்பு மஜ்ஜை, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக மார்க்கர் வைத்துப் பிரித்துப் பார்ப்பது), தண்டுவட நீர் ஆகிய மூன்று சோதனைகளையும் வைத்தியம் தொடங்குமுன் எழுதித் தரச் சொல்லுங்கள்.