வயர்கார்டு நிறுவுமுன் சர்வரைத் தயார்செய்தல்: நான்கு ஆண்டு அனுபவம்

2021 அக்டோபரில், சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் சென்னைக் கிளைக்கும் இடையே வயர்கார்டு விபிஎன் (இணையத்தின் வழியே இரு வலைப்பின்னல்களைப் பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள்) போட்டேன். சரக்கு அனுப்பும் சிறிய நிறுவனம். இங்கே இருபது பேர், அங்கே பன்னிரண்டு பேர். 4 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு சின்ன சர்வர், அதில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 5.6-லேயே வயர்கார்டு சேர்ந்துவிட்டது. டெபியன் 11-இல் இருந்தது 5.10 கர்னல், ஆகவே தனியாக எதையும் கம்பைல் செய்யத் தேவைப்படவில்லை. நிறுவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த நான்கு ஆண்டுகளில் வயர்கார்டு என்ற மென்பொருளில் ஒரு கோளாறுகூட நான் பார்க்கவில்லை. ஆனாலும் இணைப்பு பலமுறை நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் தோண்டிப் பார்த்தால் காரணம் அதற்கு அடியில், சர்வரின் அமைப்புகளில்தான் கிடந்தது. அதனால் மென்பொருளைப் பற்றிக் கொஞ்சமும், அதை நிறுவுமுன் பார்க்கவேண்டிய வேலையைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

முதல் பாடம் 2022 மார்ச்சில். எங்கள் கட்டடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள். சர்வரை முறையாக அணைத்தேன். மாலையில் போட்டேன். வயர்கார்டு தானாக எழுந்தது, இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் ஹேண்ட்ஷேக் சரியாக நடந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை பதினொன்றரைக்கு, அவர்களுக்கு ஒன்பது மணி, சென்னைத் தம்பி அழைத்தார். "அண்ணே, உங்க சர்வருக்குப் பிங் போகுது. ஆனா ஃபைல் சர்வர் கிடைக்கவே இல்ல."

அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்திலேயே நோய் தெரிந்துவிட்டது. டன்னல் (விபிஎன் போடும் பாதை) வழியாக வரும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) சர்வர் தனக்கென்றால் வாங்கிக்கொள்கிறது. அடுத்த இயந்திரத்துக்கு என்றால் கடத்துவதில்லை. அப்படிக் கடத்தச் சொல்லும் ஐபி ஃபார்வர்டு என்ற கர்னல் அமைப்பு 0 ஆகிவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன் கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளையை நான் கையால் அடித்து அதை 1 ஆக்கியிருந்தேன். கோப்பில் எழுதவில்லை. கையால் அடித்தது நினைவகத்தில் மட்டும் நிற்கும்; ரீபூட் ஆனால் போய்விடும். ஐந்து மாதமும் ரீபூட் ஆகாததால் தவறு மறைந்தே கிடந்தது.

அன்றிலிருந்து ஒரே வரிசையில் வேலை செய்கிறேன். முதலில் அமைப்புகளைக் கோப்பில் எழுதுவேன். பிறகு ரீபூட். எழுந்ததும் ஒவ்வொரு மதிப்பையும் கர்னலிடமே கேட்டுப் பார்ப்பேன். எல்லாம் சரியென்றால்தான் மென்பொருளை நிறுவத் தொடங்குவேன். நடுவில் இருக்கும் அந்த ரீபூட்டுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகிறது. அதைத் தவிர்க்க எனக்கு இதுவரை ஒரு நல்ல காரணமும் கிடைக்கவில்லை.

கோப்பை எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். அமைப்புக் கோப்புகளுக்கான ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்சிடிஎல் டாட் டி ஃபோல்டரில், 90 என்று தொடங்கும் பெயரில் தனிக் கோப்பு வைத்திருக்கிறேன். பெயர் வரிசைப்படிதான் படிக்கப்படும். ஒரே அமைப்பு இரண்டு கோப்பில் இருந்தால் பின்னால் வருவது நிற்கும். கோப்பின் முதல் வரி ஐபி ஃபார்வர்டு. அதற்குக் காரணம் உண்டு. அந்த மதிப்பு மாறும்போது கர்னல் இடைமுகங்களின் (வலைப்பின்னல் இணைப்பு முனைகளின்) மற்ற சில அமைப்புகளை இயல்பு நிலைக்குத் திருப்பிவிடும். அதைக் கடைசியில் எழுதினால் மேலே எழுதிய வரிகள் வீணாகலாம்.

பழைய வழக்கப்படி சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப் என்ற ஒற்றைக் கோப்பில் எழுதுபவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல், பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. மேம்படுத்துமுன் அதில் உள்ள வரிகளைத் தனிக் கோப்புக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கான்ட்ராக். சர்வர் வழியாகப் போகும் ஒவ்வொரு தொடர்பையும் கர்னல் ஒரு அட்டவணையில் குறித்துவைக்கிறது. அட்டவணை நிறைந்துவிட்டால் புதுத் தொடர்புக்கு இடமில்லை. பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். 2022 தீபாவளிக்கு முந்தைய வாரம், அனுப்பவேண்டிய பெட்டிகள் மலைபோல் குவிந்திருந்த நேரத்தில், எங்களுக்கு இது நடந்தது. ஏற்கெனவே திறந்திருந்த திரைகள் ஓடின. புதிதாக எதையும் திறக்க முடியவில்லை. சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு இல்லை என்பதால் அரை நாள் வேறெங்கோ தேடினேன். கர்னல் பதிவைப் பார்த்தபோது அட்டவணை நிறைந்துவிட்டது, பாக்கெட்டுகளைக் கைவிடுகிறேன் என்று அது வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

4 ஜிபி இயந்திரத்தில் அந்தக் கர்னல் தானாக வைத்துக்கொண்ட வரம்பு 65,536. முப்பது பேருக்கு அது தாராளம். ஆனால் நிலைபெற்ற ஒரு டிசிபி தொடர்பு, அதில் எதுவும் போகாவிட்டாலும், அட்டவணையில் 4,32,000 விநாடி இருக்கும். அதாவது முழுதாக ஐந்து நாள். நாங்கள் புதிதாக வாங்கிய ஒரு கண்காணிப்பு மென்பொருள் தொடர்புகளைத் திறந்து மூடாமலே விட்டுக்கொண்டிருந்தது. வரம்பை 2,62,144 ஆக்கினேன், காத்திருப்பை ஒரு நாளாகக் குறைத்தேன். நினைவகச் செலவு நூறு எம்பிக்குள் அடங்கிவிடுகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். கான்ட்ராக் ஒரு மாட்யூல், அதாவது தேவைப்படும்போது கர்னலில் ஏற்றப்படும் துண்டு. அது ஏறிய பிறகுதான் அதன் அமைப்புகளே பிறக்கும். பூட் ஆகும்போது சிஸ்சிடிஎல் கோப்பு படிக்கப்படும் நேரத்தில் மாட்யூல் ஏறியிருக்காவிட்டால், நீங்கள் எழுதிய வரிக்குப் போய்ச் சேர இடமில்லை. பிறகு ஃபயர்வால் தொடங்கும்போது மாட்யூல் பழைய வரம்போடு ஏறிக்கொள்ளும். கோப்பில் 2,62,144, கர்னலில் 65,536. கோப்பைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மாட்யூல்ஸ் லோடு டாட் டி ஃபோல்டரில் மாட்யூலின் பெயரை ஒரு வரியாக எழுதிவிட்டால் அது முன்னதாகவே ஏறும். சிஸ்டம்டி அந்த வரிசையைக் காப்பாற்றுகிறது. பிரிட்ஜ் நெட்ஃபில்ட்டர் என்ற மாட்யூலுக்கும் இதே கதைதான். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் போடுகிறவர்கள் இங்கேதான் அதிகம் சிக்குகிறார்கள்.

பாக்கெட் வந்த வழி சரியா என்று சோதிக்கும் ஆர்பி ஃபில்ட்டரைப் பற்றிச் சுருக்கமாக. எங்களிடம் இரண்டு ஃபைபர் இணைப்பு உண்டு. ஒன்றில் வரும் பாக்கெட்டுக்கு மற்றொன்று வழியாகப் பதில் போவது எங்கள் அமைப்பில் இயல்பு. ஆர்பி ஃபில்ட்டர் 1 என்றால் கர்னல் அப்படி வரும் பாக்கெட்டைச் சந்தேகப்பட்டுச் சத்தமில்லாமல் தூக்கி எறியும். 2 என்றால் அனுப்பியவர் முகவரிக்கு ஏதாவது ஒரு வழி இருந்தால் போதும் என்று விட்டுவிடும். நான் இடைமுகத்துக்கு 0 என்று எழுதியும் பாக்கெட் வரவில்லை. முன்பு யாரோ எழுதிவைத்த பாதுகாப்புக் கோப்பில் எல்லா இடைமுகத்துக்கும் பொதுவாக 1 இருந்தது. பொது மதிப்பு, இடைமுகத்தின் மதிப்பு இரண்டில் எது பெரிதோ அதைத்தான் கர்னல் எடுத்துக்கொள்ளும். இடைமுகத்தில் 2 என்று எழுதியதும் சரியானது.

நேர அமைப்பை நான் ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை. பதிவுகளை ஒப்பிடும்போது இரண்டரை மணி நேர வித்தியாசம் குழப்பும் என்பதால் இரு பக்கமும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். 2023-இல் சென்னைக் கிளையில் மின்சாரம் போய் வந்த பிறகு டன்னல் எழவே இல்லை. சாவி சரி, போர்ட் சரி, பாக்கெட் இங்கே வந்து சேருவதையும் டிசிபிடம்ப் கருவியில் பார்க்கிறேன். எங்கள் சர்வர் பதில் சொல்ல மறுக்கிறது.

அங்கிருந்த மினி கணினியின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் வந்ததும் அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டது. வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கின் முதல் செய்தியில் அனுப்புபவரின் நேரமுத்திரை இருக்கும். அந்தச் சாவியிடமிருந்து முன்பு வந்ததைவிடப் பழைய நேரம் வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைப் பிடித்துவைத்துத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று கருதி மறுத்துவிடும். பாதுகாப்புக்காக யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடு அது. கடிகாரம் தானாகத் திருந்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணினிக்கு நேரம் கொடுக்கும் என்டிபி சர்வராக நான் எழுதியிருந்தது டன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் சர்வரை. நேரம் சரியானால்தான் டன்னல் எழும், டன்னல் எழுந்தால்தான் நேரம் சரியாகும். இப்போது நேரத்தைச் சரிசெய்யும் குரோனி மென்பொருளுக்கு இணையத்தில் நேரடியாகக் கிடைக்கும் சர்வர்களையே கொடுக்கிறேன். தம்பி ரிச்சி தெருவில் வாங்கிப் போட்ட பேட்டரியும் இன்றுவரை ஓடுகிறது.

புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6 எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஃபார்வர்டிங்கை ஐபிவி6-க்கும் இயக்கினேன். எல்லாம் ஓடியது. கோப்பிக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஐபிவி6 செத்திருந்தது. ரீபூட் செய்தால் மறுபடி ஓடும், சற்று நேரத்தில் மறுபடி சாகும். ஃபார்வர்டிங் இயங்கினால் கர்னல் தன்னை ரவுட்டர் என்று எடுத்துக்கொள்ளும். பிற ரவுட்டர்கள் அனுப்பும் அறிவிப்புகளை அதன்பின் ஏற்பதில்லை. இணையத்துக்குப் போகும் டிஃபால்ட் ரூட்டைக் கற்பது அந்த அறிவிப்புகளில்தான். அவை நின்றால் வழி மறைகிறது. அக்செப்ட் ஆர்ஏ என்ற அமைப்பை இணைய இடைமுகத்துக்கு 2 ஆக்கினால், ஃபார்வர்டிங் இருந்தாலும் அறிவிப்பை ஏற்கும். இடைமுகத்தைச் சிஸ்டம்டி நெட்வொர்க்டி நிர்வகிக்கிறது என்றால் இதை அதன் கோப்பில் சொல்ல வேண்டும்.

அதே வாரத்தில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1,420. வெளியே ஐபிவி4 என்றால் மேற்சுமை 60 பைட், ஐபிவி6 என்றால் 80. சென்னையில் இருப்பது பிபிபிஓஇ இணைப்பு. அதில் 1,492 பைட்தான் போகும். ஐபிவி4-இல் 1,420-உம் 60-உம் சேர்ந்து 1,480, பிரச்சினை இல்லை. ஐபிவி6-க்கு மாறியதும் 1,500 ஆகிவிட்டது, 8 பைட் அதிகம். பிங் போகிறது, லாகின் திரை வருகிறது, பெரிய பக்கம் மட்டும் பாதியில் உறைகிறது. பாக்கெட் பெரிது என்று வழியில் உள்ள ரவுட்டர் திருப்பிச் சொல்லியிருக்கும். அப்படிப்பட்ட செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பிவி6 முழுவதையும் என் ஃபயர்வாலில் நானே அடைத்து வைத்திருந்தேன். அந்தச் செய்தியைத் திறந்துவிட்டு, எம்டியுவை 1,412 என்று எழுதினேன். ஐசிஎம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு அடைக்கச் சொல்லும் வழிகாட்டிகள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிசிபி பஃபர்களைப் (தரவு தற்காலிகமாகத் தங்கும் இடங்களைப்) பெரிதாக்கும் வரிகளும், நெரிசலைக் கட்டுப்படுத்தும் பிபிஆர் வரியும் எல்லா விபிஎன் வழிகாட்டியிலும் இருக்கின்றன. நானும் விபிஎன் ஓடும் கேட்வே சர்வரில் ஒட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை. கடந்துபோகும் டிசிபிக்கு கேட்வேயின் பஃபர் உதவாது. தொடர்பு தொடங்கும், முடியும் இயந்திரங்களின் பஃபர்தான் கணக்கு. எங்கள் இணைப்பில் சென்னைக்குப் போய்த் திரும்ப 35 மில்லிவிநாடி. 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் அந்த நேரத்துக்குள் வழியில் இருக்கும் தரவு சுமார் 4.4 எம்பி. வாங்கும் பக்கத்தில் எங்கள் கர்னலின் வழக்கமான உச்சம் 6 எம்பியாக இருந்தது, அதில் ஏறத்தாழப் பாதிதான் விண்டோவாக (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவாக) கிடைத்தது. ஆகவே ஃபைல் சர்வரிலும் சென்னை சர்வரிலும் 16 எம்பி ஆக்கினேன். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது வேகம் தெளிவாகக் கூடியது. கேட்வேயில் ஒட்டிய வரிகளை அழித்துவிட்டேன்.

செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கர் அதே இயந்திரத்தில் ஓடினால், ஃபார்வர்டிங்கை முன்கூட்டியே கோப்பில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டாக்கர் தொடங்கும்போது அது அணைந்திருந்தால் தானே இயக்கிவிட்டு, கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபயர்வால் விதிவரிசையான ஃபார்வர்டு சங்கிலியின் பொதுக் கொள்கையை டிராப் (கைவிடு) ஆக்கிவிடும். விபிஎன் போக்குவரத்தும் அதோடு நிற்கும். முன்பே இயங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கொள்கையைத் தொடாது.

2025 நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு டெபியன் 12-இலிருந்து 13-க்கு மாற்றினேன். மாற்றத்தில் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறக்கூடும் என்பதால், மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலையாகக் கட்டும் லிங்க் கோப்பை முன்னதாகவே எழுதிவைத்தேன். ரீபூட். கோப்பில் உள்ள மதிப்பையும் கர்னலில் உள்ள மதிப்பையும் வரிக்கு வரி ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். 23 வரியில் 22 பொருந்தியது. பொருந்தாத ஒன்று, 2021-இல் சிஸ்சிடிஎல் டாட் கான்ஃபில் எழுதி நான் மறந்தே போன மார்ஷியன் (வரவே கூடாத முகவரியிலிருந்து வரும்) பாக்கெட்டுகளைப் பதியும் அமைப்பு. அதைத் தனிக் கோப்புக்குக் கொண்டுவந்து, இன்னொரு முறை ரீபூட் செய்து, 23-உம் பொருந்தியதைப் பார்த்த பிறகு வயர்கார்டைத் தொடங்கினேன். சென்னைத் தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். ஃபைல் சர்வரைத் திறந்து பார்த்துவிட்டு, "கிடைக்குதுண்ணே" என்றார்.